அலைகள் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன் இயற்பியலில் அலைகள் பாடம் கடைசியில் வரும். அதற்குள் ரிவிஷன் தேர்வு நெருங்கிவிடும்; அவசர அவசரமாக நடத்தி முடிப்பார்கள். அதனாலோ என்னவோ, கணக்கைச் சரியாகப் போடும் பிள்ளைகள்கூட "ஏன் அப்படி?" என்று கேட்டால் திணறுகிறார்கள். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் சிக்குகின்றன: எதை எது தீர்மானிக்கிறது என்பதில். நொடிக்கு எத்தனை முறை ஆட வேண்டும் என்பதை, அதாவது அதிர்வெண்ணை, அலையை உண்டாக்கும் மூலம் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது. அலைநீளத்துக்கென்று (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்) சொந்த விருப்பம் கிடையாது. இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டு வருவது அது.

அலை நகர்கிறது என்கிறோம். உண்மையில் நகர்வது எது?

ஆட்டம் நகர்கிறது, அதோடு ஆற்றலும் நகர்கிறது. ஊடகம் இருந்த இடத்திலேயே ஆடிவிட்டு நிற்கிறது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி மிதக்கும் வலை மிதவை ஒன்றைக் கவனியுங்கள். முகடு வரும்போது மேலே ஏறி லேசாக முன்னே போகும். அகடு வரும்போது கீழே இறங்கிப் பின்னே வரும். இப்படி ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அலையோ கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆழம் கூடக் கூட இந்தச் சுற்றல் சுருங்கிக்கொண்டே போகும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே போனால் தண்ணீர் கிட்டத்தட்ட அசைவதே இல்லை.

"அப்படியானால் கரையில் தண்ணீர் வந்து காலை நனைக்கிறதே?" அங்கே அலை உடைந்துவிட்டது. உடைந்த பிறகு தண்ணீரே முன்னே பாய்கிறது. புத்தகம் பேசுவது உடைவதற்கு முந்தைய அலையைப் பற்றி.

கடல் அலை குறுக்கலையா, நெட்டலையா?

இரண்டும் கலந்தது. மிதவை அலை போகும் திசைக்குக் குறுக்கே மேலும் கீழும் ஆடுகிறது (குறுக்கலை), அதே திசையில் முன்னும் பின்னும் ஆடுகிறது (நெட்டலை). இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சுற்று. ஒரு மார்க் கேள்வியில் "குறுக்கலை" என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

காற்றில் ஒலி நெட்டலையாக மட்டுமே போக முடியும். காற்றை அழுத்தினால் அது திருப்பித் தள்ளும். பக்கவாட்டில் நகர்த்தினால் திருப்பி இழுக்காது. திடப்பொருளில் இரண்டு வகையும் போகும். நிலநடுக்கத்தில் வரும் குறுக்கலைகள் பூமியின் வெளிக்கருவைத் தாண்டுவதில்லை. அந்தப் பகுதி திரவமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே அதை வைத்துத்தான்.

வேகம் = அதிர்வெண் × அலைநீளம். அப்படியானால் அதிர்வெண்ணைக் கூட்டினால் வேகம் கூடுமா?

கூடாது. இந்தப் பாடத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். சூத்திரத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் கூட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் வேகம் ஏற்கெனவே ஊடகத்தால் நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். நீங்கள் அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் அலைநீளம் பாதியாகும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் கோயில் திருவிழாவில் தூரத்தில் நின்று நாகஸ்வரம் கேட்டுப் பாருங்கள். உச்ச சுரம் முந்தி வந்து கீழ் சுரம் பிந்தி வந்தால் ராகமே குலைந்துவிடும். அப்படி நடப்பதில்லை. எல்லாச் சுரமும் ஒரே வேகத்தில்தான் வருகின்றன.

எண்களோடு பழகுவது நல்லது. நம் காதுக்குக் கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்பார்கள். காற்றில் அவற்றின் அலைநீளம் 17 மீட்டர் முதல் 1.7 சென்டிமீட்டர் வரை. ஒரு முனையில் பேருந்தைவிட நீளம், மறுமுனையில் விரல் அகலம். ரேடியோ அலைகள் ஒளியின் வேகத்தில், நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர், போகின்றன. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 416 மீட்டர், 101.4 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் அலையின் நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். சில ஊடகங்களில் வேகமே அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். கண்ணாடியில் ஊதா ஒளி சிவப்பைவிட மெதுவாகப் போகும். முப்பட்டகத்தில் நிறங்கள் பிரிவது அதனால்தான். அங்கேயும் "இந்த அதிர்வெண்ணுக்கு இந்த வேகம்" என்று விதிப்பது கண்ணாடிதான்.

சத்தமாகக் கத்தினால் ஒலி சீக்கிரம் போய்ச் சேருமா?

சேராது. வீச்சு (ஆட்டத்தின் அளவு) கூடும், வேகம் அதேதான். காற்று சூடானால்தான் வேகம் கூடும்: ஒரு டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணும் நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். இடி எவ்வளவு பலமாக இருந்தாலும் கணக்கு மாறாது.

ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது வேகம் மாறுகிறது, அலைநீளம் மாறுகிறது. அதிர்வெண் மட்டும் ஏன் மாறுவதில்லை?

இரண்டு ஊடகங்களும் தொடும் எல்லையை நினைத்துப் பாருங்கள். கயிறு என்றே வைத்துக்கொள்வோம்: மெல்லிய கயிற்றோடு தடித்த கயிறு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. முடிச்சு ஒன்றுதான். அது நொடிக்கு 5 முறை ஆடினால் இந்தப் பக்கமும் 5 முறை, அந்தப் பக்கமும் 5 முறை. ஒரு பக்கம் 5, மறுபக்கம் 4 என்றால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒளிக்கும் இதே நியாயம்தான்.

காற்றில் 650 நானோமீட்டர் உள்ள சிவப்பு ஒளி தண்ணீருக்குள் சுமார் 489 நானோமீட்டராகச் சுருங்குகிறது. "489 என்றால் நீலம் ஆயிற்றே, தண்ணீருக்குள் சிவப்புச் சட்டை நீலமாகத் தெரிய வேண்டாமா?" என்று ஒரு முறை ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. புத்தகத்தில் நிறத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் அலைநீளமெல்லாம் வெற்றிடத்தில் அளந்தது. கண் உணர்வது அதிர்வெண்ணைத்தான், அது மாறவில்லை. சட்டை சிவப்பாகவே இருக்கும்.

நடுக்கடலில் அலைகள் எந்தத் திசையில் வந்தாலும் கரையை நெருங்கும்போது கரைக்கு இணையாகத் திரும்பிவிடுகின்றனவே, ஏன்?

ஆழம் குறைந்த இடத்தில் நீர் அலை மெதுவாகப் போகும். சாய்வாக வரும் அலையின் ஒரு முனை முதலில் ஆழமில்லாத பகுதிக்குள் நுழைந்து தயங்குகிறது. இன்னும் ஆழத்தில் இருக்கும் மறுமுனை வேகமாக வந்து எட்டிப் பிடிக்கிறது. அலை முகப்பு வளைந்துவிடுகிறது. ஒளிவிலகலும் இதே சங்கதிதான். மெரினாவிலோ திருச்செந்தூரிலோ கரையில் நின்றாலே கண்ணால் பார்க்கலாம், முப்பட்டகம் வேண்டாம்.

அலைநீளத்தோடு ஒப்பிட்டால் ஆழம் மிகக் குறைவு என்னும்போது வேகம் = (புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம்) என்பதன் வர்க்கமூலம். சுனாமிக்கு நடுக்கடலே ஆழம் குறைந்த இடம்தான், ஏனென்றால் அதன் அலைநீளம் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். 3,500 மீட்டர் ஆழத்தைப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 185 மீட்டர், அதாவது மணிக்கு 667 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஒன்பது மணி வாக்கில் நம் கரையில் தண்ணீர் ஏறிவிட்டது. நடுக்கடலில் அதன் உயரம் 60 சென்டிமீட்டர் அளவில்தான் இருந்தது என்று செயற்கைக்கோள் பதிவு சொல்கிறது. மேலே படகில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. கரையருகே 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டராக விழுகிறது. அலையின் முன்பகுதி தயங்க, பின்னால் வருவது நெருக்க, சுமந்துவந்த ஆற்றல் குறுகிய இடத்துக்குள் அடைபட்டு உயரமாக எழும்புகிறது. வேகமும் உயரமும் இப்படி மாறினாலும் அலைவு நேரம், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம், மாறவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் மோதினால் என்ன ஆகும்?

மோதல் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அவை ஒன்றை ஒன்று ஊடுருவிப் போகின்றன. சந்திக்கும் நேரத்தில் மட்டும் இடப்பெயர்ச்சிகள் கூட்டப்படும். தாண்டிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அதே வடிவத்தோடு தம் வழியில் போகும். இதுதான் மேற்பொருந்துதல் தத்துவம்.

நீளமான கயிற்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். ஒருவர் மேல்நோக்கி ஒரு துடிப்பு அனுப்பட்டும், மற்றவர் அதே அளவில் கீழ்நோக்கி. நடுவில் சந்திக்கும் ஒரு கணம் கயிறு நேர்க்கோடாகிவிடும். போட்டோ எடுத்தால் அலையே இல்லாத கயிறு மாதிரிதான் இருக்கும். ஆனால் அடுத்த கணம் இரண்டு துடிப்பும் மறுபடி முளைக்கின்றன. எங்கிருந்து? கயிறு நேராக இருந்ததே தவிர, சும்மா இருக்கவில்லை. அந்தக் கணத்தில் கயிற்றின் துண்டுகள் முழு வேகத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. ஆற்றல் மொத்தமும் இயக்க ஆற்றலாக இருந்தது. போட்டோவில் வேகம் தெரியாது, அவ்வளவுதான்.

இருவரும் மேல்நோக்கியே அனுப்பினால் கதை தலைகீழ். சந்திக்கும் கணத்தில் உயரம் இரண்டு மடங்காகும், கயிறு அந்த இடத்தில் ஒரு கணம் அசையாமல் நிற்கும், ஆற்றல் மொத்தமும் நிலை ஆற்றலாகிவிடும்.

சரி, இரண்டு அலைகள் ஒன்றையொன்று கழித்துவிடும் அழிவுக் குறுக்கீட்டில் ஒலி காணாமல் போகிறதே, அந்த ஆற்றல் எங்கே போகிறது?

பக்கத்து இடத்துக்குப் போகிறது. ஆற்றல் வீச்சின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். சம வீச்சுள்ள இரண்டு அலைகள் கூடும் இடத்தில் வீச்சு 2 மடங்கு, செறிவு 4 மடங்கு. கழியும் இடத்தில் 0. மொத்தமாகச் சராசரி எடுத்தால் 2 மடங்கு, அதாவது இரண்டு மூலங்கள் கொடுத்த அதே அளவு. எதுவும் அழியவில்லை. அழிவு என்ற பெயரைக் கேட்டு மாணவர்கள் பயப்படுவதுதான் மிச்சம்.

மொட்டை மாடியில் இரண்டு ஸ்பீக்கரை ஒரே ஆம்பிளிஃபயரில் இணைத்து 686 ஹெர்ட்ஸ் ஒலி கொடுங்கள். அலைநீளம் அரை மீட்டர். ஒரு காதை மூடிக்கொண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே குறுக்காக நடந்தால் சத்தம் ஓங்கி, ஒடுங்கி, மறுபடி ஓங்கும். ஒரு ஸ்பீக்கரின் தூரத்துக்கும் மற்றதன் தூரத்துக்கும் 25 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும் இடத்தில் சத்தம் குறைந்திருக்கும். அறைக்குள் செய்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குட்டையைக் குழப்பிவிடும்.

அப்படியென்றால் அறையில் இரண்டு பல்பு போட்டால் சுவரில் இருட்டுப் பட்டை ஏன் விழுவதில்லை?

இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே தாளத்தில் ஆடின. இரண்டு பல்புகளுக்கு அந்த ஒற்றுமை இல்லை. ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கான அணுக்கள் தத்தம் இஷ்டத்துக்கு ஒளியை உமிழ்கின்றன. பட்டைகள் உண்டாகத்தான் செய்கின்றன, ஆனால் கண் பிடிக்க முடியாத வேகத்தில் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சராசரி வெளிச்சம்தான் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் செய்த கெட்டிக்காரத்தனம் இதில்தான்: ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சந்திக்க வைத்தார். ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதால் கட்ட வேறுபாடு, அதாவது ஒன்றின் ஆட்டம் மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது, நிலையாக இருந்தது. இத்தகையவற்றை ஓரியல் மூலங்கள் என்கிறோம்.

நிலை அலையில் எது நிலையாக நிற்கிறது?

வடிவம் நிற்கிறது. ஒரே மாதிரியான இரண்டு அலைகள் எதிரெதிராகப் போகும்போது சில இடங்களில் எப்போதும் கழிந்துகொண்டே இருக்கும், அவை கணுக்கள். நடுவே முழு வீச்சில் ஆடும் இடங்கள் எதிர்க்கணுக்கள். அடுத்தடுத்த இரண்டு கணுக்களுக்கு நடுவே அரை அலைநீளம். இங்கே "கால்" என்று எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள்; கால் என்பது கணுவுக்கும் பக்கத்து எதிர்க்கணுவுக்கும் இடையே.

வீணைக் கம்பியின் இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கின்றன, அதனால் இரண்டும் கணுக்கள். நடுவில் அரை அலைநீளம் அடங்கினால் அடிப்படை அதிர்வெண். இரண்டு அரை அடங்கினால் அதன் 2 மடங்கு. அப்புறம் 3, 4 என்று போகும். 24 மெட்டுகளில் 12-வது மெட்டை அழுத்தினால் அதிரும் நீளம் பாதியாகி மேல் ஸ்தாயி சட்ஜம் வரும். பிருடையைத் திருகும்போது நடப்பது வேறு: இழுவிசை கூடிக் கம்பியில் அலையின் வேகம் கூடுகிறது. நீளம் அதே, வேகம் அதிகம், ஆகவே அதிர்வெண் அதிகம். "மூலம்தானே அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் என்றீர்கள்?" என்று கேட்கத் தோன்றும். இங்கே கம்பிதான் மூலம். காற்று அது சொன்னபடி ஆடுகிறது.

மைக்ரோவேவ் அடுப்பு உள்ளவர்கள் நிலை அலையை அப்பளத்தில் பார்க்கலாம். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, அச்சு மேல் படாதபடி ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பச்சை அப்பளங்களைப் பரப்பி அரை நிமிடம் ஓட்டுங்கள். சில இடங்கள் பொரிந்து வெளுத்திருக்கும், நடுநடுவே பச்சையாகவே இருக்கும். பொரிந்த இடங்கள் எதிர்க்கணுக்கள். பக்கத்துப் பக்கத்துப் பொரிவுகளின் மையங்களை ஸ்கேலால் அளந்தால் 6 சென்டிமீட்டரை ஒட்டி வரும். அதை இரட்டித்தால் அலைநீளம், சுமார் 12.2 சென்டிமீட்டர். அடுப்பின் பின்புறம் 2,450 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். பெருக்குங்கள்: நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டருக்கு வெகு அருகில் வரும். பெட்டிக்குள் அலைகள் மூன்று திசையிலும் நிற்பதால் சில அடுப்புகளில் பொரிவு ஒழுங்கில்லாமல் விழும்; இரண்டு மூன்று அப்பளத்தில் அளந்து சராசரி எடுப்பது நல்லது. சமையலுக்கு எதற்காகத் தட்டைச் சுற்ற வைத்திருக்கிறார்கள் என்பதும் இப்போது புரியும்.

மிருதங்கத்தில் சுருதி சேர்க்கிறார்கள், பறையில் அப்படி இல்லையே, இரண்டும் தோல்தானே?

அடிப்படை அதிர்வெண்ணோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வெண்கள்தான் மேற்சுரங்கள். கம்பியில் அவை 1, 2, 3 என்று முழு எண் விகிதத்தில் வரும். சாதாரணத் தோல் அப்படி அல்ல, 1, 1.59, 2.14 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். அதனால் தாளம் கேட்குமே தவிர, தெளிவான சுரம் கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பியிருக்கும் கருஞ்சாந்து இதைத் திருத்துகிறது. எடை கூடிய அந்த மையம் மேற்சுரங்களை இழுத்து முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920-லேயே இதைப் பற்றி எழுதினார்; தம்பூராவின் குதிரை பற்றி 1921-ல் எழுதினார். நோபல் பரிசு கொண்டுவந்த ஒளி ஆராய்ச்சிக்கு முந்தைய வேலை இது. பாடத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வர வேண்டியது என்பது என் எண்ணம்.

விம்மல் என்பது என்ன?

440 ஹெர்ட்ஸும் 443 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் சில நேரம் இரண்டும் ஒத்துப்போகும், சில நேரம் எதிராகும். சத்தம் நொடிக்கு 3 முறை ஓங்கி ஒடுங்கும். வித்தியாசம்தான் விம்மல் எண்ணிக்கை. இரண்டு செல்போன்களில் ஒலி உண்டாக்கும் செயலியைப் போட்டு 440, 442 வைத்தால் உடனே கேட்கலாம். தம்பூராவுக்குச் சுருதி கூட்டுகிறவர்கள் காதால் பிடிப்பது இந்த "வாவ்... வாவ்" நின்றுபோகும் இடத்தைத்தான். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று விம்மல் சொல்லாது. கொஞ்சம் திருகிப் பார்த்து, விம்மல் குறைந்தால் சரியான பக்கம்.

ஒத்ததிர்வால்தான் டகோமா பாலம் விழுந்தது என்று படித்தோம். சரியா?

பாதி சரி. அமெரிக்காவில் 1940 நவம்பர் 7 அன்று அந்தத் தொங்குபாலம் முறுக்கி ஆடி அறுந்து விழுந்தது. ஒத்ததிர்வு என்றால் வெளியிலிருந்து ஒரு விசை பாலத்தின் இயல் அதிர்வெண்ணிலேயே (தட்டிவிட்டால் தானாக ஆடும் அதிர்வெண்) விட்டுவிட்டுத் தள்ள வேண்டும். அன்று காற்று சீராகத்தான் வீசியது. பாலம் முறுக்கியபோது அதன் மேல் காற்றின் விசை மாறியது, அந்த மாற்றம் முறுக்கலை இன்னும் வளர்த்தது. ஆட்டம் தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொண்டது. ஒத்ததிர்வுக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 1831-ல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலத்தைச் சொல்லுங்கள்: படைவீரர்கள் அடி ஒத்து நடந்து போனபோது இடிந்தது. அதற்குப் பிறகு பாலத்தின் மேல் அடி கலைத்து நடக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பேசுவது கேட்கிறது, ஆள் தெரியவில்லை. ஏன்?

விளிம்பு விளைவு. திறப்பின் அகலம் அலைநீளத்தின் அளவில் இருந்தால் அலை நன்றாக வளைந்து பரவும். கதவு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பேச்சொலியின் அலைநீளமும் அந்த வாக்கில்தான். ஒளியின் அலைநீளம் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2004 சுனாமியில் இலங்கைக்குப் பின்னால் மறைந்திருந்த கேரளக் கரையும் பாதிக்கப்பட்டதற்கு இந்த வளைதலும், ஆழ வேறுபாட்டால் வந்த விலகலும் காரணம்.

ஆம்புலன்ஸ் நெருங்க நெருங்கச் சைரன் ஸ்தாயி ஏறிக்கொண்டே போகுமா?

போகாது. ஏறுவது சத்தம், ஸ்தாயி அல்ல. 700 ஹெர்ட்ஸ் சைரனோடு மணிக்கு 72 கிலோமீட்டரில் நேராக வந்தால் தொடக்கம் முதலே சுமார் 743 கேட்கும். தாண்டிப் போன பிறகு 661. சாலை ஓரத்தில் சற்றுத் தள்ளி நின்றால் 743-லிருந்து 661-க்கு வழுக்கி இறங்கும். ஏறும் கட்டமே கிடையாது. ஆஸ்திரிய இயற்பியலாளர் டாப்ளர் இதை 1842-ல் சொன்னார். 1845-ல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிவியலாளர் நெதர்லாந்தில் ரயில் மேல் எக்காளக்காரர்களை நிற்க வைத்து ஊதச் சொல்லிச் சோதித்தார்.

y = A sin(kx − ωt) என்ற அலைச் சமன்பாட்டில் தூரத்துக்கும் (x) நேரத்துக்கும் (t) நடுவே கழித்தல் குறி இருந்தால் அலை ஏன் வலப்பக்கம் போகிறது?

ஒரு முகட்டின் மேலேயே கண்ணை வைத்திருங்கள். முகடு முகடாகவே இருக்க வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் உள்ள மதிப்பு மாறக் கூடாது. நேரம் கூடுகிறது, அது கழிக்கப்படுகிறது; ஈடுகட்டத் தூரமும் கூடியாக வேண்டும். கூட்டல் குறி என்றால் தூரம் குறைந்தாக வேண்டும், அலை இடப்பக்கம் போகும்.

இதே கணக்கில் அலையின் வேகத்தையும் துகளின் வேகத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். வீச்சு 2 சென்டிமீட்டர், அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ், அலைநீளம் 1 மீட்டர் என்றால் அலை நொடிக்கு 20 மீட்டர் போகிறது, மாறாமல். கயிற்றின் துகளோ மேலும் கீழும்தான் ஆடுகிறது. அதன் வேகம் சுழியத்துக்கும் பெரும மதிப்புக்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கும். பெரும மதிப்பு 2 × 3.14 × 20 × 0.02, அதாவது நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர். வீச்சை இரண்டு மடங்காக்கினால் இந்த 2.5 என்பது 5 ஆகும். 20 அப்படியே இருக்கும்.